சாம்பிள் மாமாவும் என் வண்டியின் இரண்டு மூடிகளும்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் உள்ள அத்தனை பேரின் பொறுமையையும் ஒரே ஆள் குடித்துத் தீர்க்க முடியும் என்றால், அந்த ஆள் சாம்பிள் மாமாதான். என் பங்கை அவர் குடித்து முடித்து டம்ளரையும் கவிழ்த்து வைத்துவிட்டார்.

பிள்ளைகளே, நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். முதுநகரில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிறவன். ஜோடித்து எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். எங்கேயாவது கொஞ்சம் ஜாஸ்தியாகப் போனால், அது கோபத்தில் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் உண்டு. செம்மண்டலத்தில் இருக்கும் என் மச்சான் ஓட்டி அலுத்துக் கொடுத்தது. டேங்குக்குப் புதுப் பெயின்ட் அடித்தேன். சீட்டை மாற்றித் தைத்தேன். எல்லாம் புதுசாக மின்ன, இன்ஜின் மட்டும் கருவாடு வறுத்த சட்டி மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தது. இன்ஜினுக்கு வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று இரண்டு அலுமினிய மூடிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். எங்கள் வீடு தேவனாம்பட்டினத்தில், வாசலில் நின்றால் எதிரே கடல். உப்புக் காற்றில் இரண்டு மூடியும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தன.

அப்போது என் மகள் தேன்மொழி ஐந்தாவது முடித்திருந்தாள். ஆறாம் வகுப்புக்குச் செம்மண்டலத்தில் புதுப் பள்ளிக்கூடம்.

"பள்ளிக்கூடம் தொறக்குற அன்னைக்கு நம்ம வண்டியிலதான் போவணும்ப்பா."

"கண்டிப்பா" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை அவள் ஏழு சிநேகிதிகளிடம் சொல்லி, ஏழு பேரும் அவரவர் வீட்டில் சொல்லி, மறுநாள் மீன் வாங்கப் போனால் மீன்காரம்மா கேட்கிறார்: "என்னாங்க, பொண்ண வண்டியில கூட்டிட்டுப் போறீங்களாமே?"

பள்ளி திறக்க இரண்டு மாதம் இருந்தது. தைரியமாக ஆயிலை வடித்தேன், மூடிகளைக் கழற்றினேன், மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். அனுப்பிவைத்தது மச்சான். "சாம்பிள் மாமான்னு ஒருத்தர் இருக்காரு. பாலிஷ்ல அவர அடிச்சிக்க ஆளில்ல" என்றான். அவரை அடிக்க எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அவன் சொல்லவில்லை.

கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் அவர் பட்டறை. குத்துவிளக்கும் தாம்பாளமும் வண்டி சைலன்சரும் ஒரே வரிசையில் பாலிஷுக்குக் காத்திருந்தன. மாமாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் உள்ளதையெல்லாம் பளபளப்பாக்கிவிட்டு, அந்த அழுக்கு முழுவதையும் தன் மேல் வாங்கிக்கொண்டு நின்றார். எதையும் சாம்பிள் பார்க்காமல் செய்யமாட்டார் என்பதால் அந்தப் பெயர். டீக்கடையில் கால் டம்ளர் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் முழு டீ சொல்வார். கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டில் மூன்று வேளை சாப்பிட்டுப் பார்த்தார் என்று மச்சான் சொல்வான். அது பொய்யாகவும் இருக்கலாம்.

நான் மூடிகளை நீட்டினேன். அவர் மூடியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"வண்டிய எங்க நிறுத்துவீங்க தம்பி?"

"வாசல்ல."

"வாசலு எதப் பாத்து இருக்குது?"

"கடலப் பாத்து."

கையில் வாங்கிய மூடியை உயிருள்ள நண்டைக் கீழே வைப்பது போல் வைத்தார். "கடலா! சரி, மூக்குக் கண்ணாடியக் கழட்டிக் குடுங்க."

கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இத எப்ப தொடச்சீங்க?"

"பொங்கலுக்கு."

"அப்ப நீங்க தொடைக்கிற ஆளில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு ஆரம்பித்தார். முகம் தெரிகிற கண்ணாடி பாலிஷ் உண்டாம். கோடு கோடாகத் தேய்த்தது உண்டாம். மணல் அடித்து மங்க வைத்தது உண்டாம். வெள்ளிப் பெயின்ட், சுருக்கம் விழுந்த கருப்பு, பொடி தூவி அடுப்பில் சுட்ட வழவழக் கருப்பு என்று இன்னும் மூன்று உண்டாம். கேட்கக் கேட்க எனக்குக் கொட்டாவி வந்தது.

"ஏதோ ஒண்ணு போடுங்க மாமா."

அதை மட்டும் நான் சொல்லியிருக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருந்த பாலிஷ் மோட்டாரை நிறுத்திவிட்டார். "ஏதோ ஒண்ணா? பொண்ணுக்கு நாளைக்கு மாப்ள பாக்குறப்பவும் இப்புடித்தான் ஏதோ ஒண்ணும்பீங்களா? பொறுங்க. ஞாயித்துக்கெழம நான் வர்றேன்."

வந்தார். உள்ளங்கை அகலத்தில் ஆறு அலுமினியத் தகடுகள், ஆறும் ஆறு விதம். எங்கள் துணிக்கொடியில் நைலான் கயிற்றால் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டார். "ஆறு வாரம் கடக்காத்துல தொங்கட்டும். எது தாங்குதோ அதான் உங்க வண்டிக்கு." நாள் முழுக்க டிங் டிங் என்று ஒரே சத்தம். காக்கைகள் எங்கள் பக்கம் வருவதை விட்டன. அக்கம்பக்கத்தார் அதைத் திருஷ்டித் தகடு என்று நினைத்துவிட்டார்கள். படகு வைத்திருக்கும் ஒருவர் வந்து, "எந்தக் கோயில்ல குடுத்தாங்க? எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்களேன்" என்று கேட்டார்.

அதிலும் அந்தச் சுட்ட கருப்புத் தகடு இருக்கிறதே, அதை அவர் பழைய பேக்கரி அடுப்பு ஒன்றை வாங்கிவைத்து அதில் சுட்டிருந்தார். தகட்டிலிருந்து பன் வாசனை போகவே இல்லை. தெருநாய் ஒன்று அதன் அடியில் நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது.

என் மனைவி செல்வி ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை முறைப்பாள். "துணி காயப்போடக் கொடி இல்ல. உங்க தகடு காயுது."

"அது என்னுது இல்ல செல்வி, மாமாவோடது."

"அப்ப மாமா வேட்டியக் கொண்டாந்து நான் அங்க காயப்போடவா?"

ஞாயிறு தவறாமல் மாமா முதல் பஸ்ஸில் வந்தார். பூதக்கண்ணாடி வைத்துத் தகடுகளைப் பார்த்து டைரியில் எழுதினார். தேன்மொழியைக் கூப்பிட்டு, வியர்த்த கட்டைவிரலை ஒவ்வொன்றின் மேலும் வைக்கச் சொல்லி ரேகை பதிகிறதா என்று பார்த்தார். பிறகு, "சாப்புட நேரமில்ல" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து சங்கரா மீன் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். முதல் வாரம் தம்பியாக இருந்த நான், குழம்பு உள்ளே போன இரண்டாவது வாரத்திலிருந்து மாப்ள ஆனேன். மூடி மட்டும் மூடியாகவே இருந்தது. வண்டி வாசலில் குடலைக் காட்டிக்கொண்டு நின்றது. நான் வேலைக்கு நடந்தேன்.

"எந்தத் தகடுப்பா ஜெயிக்குது?" என்று முதலில் உற்சாகமாகக் கேட்ட தேன்மொழி, ஐந்தாவது வாரம், "வண்டி வந்துருமாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அதையும் கேட்கவில்லை. பஸ்ஸில் போனால் செம்மண்டலத்துக்கு எத்தனை நிறுத்தம் என்று அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். அதைக் காதில் வாங்கிய பிறகு என்னால் உட்கார முடியவில்லை. பள்ளி திறக்க இரண்டே நாள். லீவு சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்கு ஓடினேன்.

"ரெடி மாப்ள!" என்று துணியை விலக்கினார் மாமா.

வலது மூடி நல்ல கருப்பு. இடது மூடி கண்ணாடி பாலிஷ். அதில் என் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் வாய் திறந்திருந்தது.

"என்னா மாமா, ரெண்டும் ரெண்டு தினுசா இருக்குது?"

"அங்கதான் விஷயம்! ஆறு வாரமாப் பாக்குறேன். உன் வண்டிக்கு வலது பக்கம் கடலப் பாக்குது. உப்பு பூரா அதுக்குத்தான். அதுக்குக் கருப்பு. இடது பக்கம் உங்க வூட்டுச் செவுத்தப் பாக்குது. காத்தே படல. அதுக்குக் கண்ணாடி."

என் தலைக்குள் ஏதோ ஒன்று டிங் என்றது.

"மாமா, நான் முதுநகருக்கு வேலைக்குப் போறப்ப கடலு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"திரும்பி வர்றப்ப?"

"வலது..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஓட்டுவியா?"

"பின்ன? சாமி ரூம்ல வெச்சிக் கும்புடவா வாங்குனேன்?"

பிள்ளைகளே, நீங்களே சொல்லுங்கள். காற்றைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தார். வண்டி என்றால் ஓடும் என்பதை மட்டும் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்? அது ஓடி அவர் கண்டதே இல்லை. ஓடவிடாமல் நிறுத்திவைத்திருந்ததே அவர்தான்!

மாமா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பொறு மாப்ள. ரெண்டையும் மொதல்லேருந்து செய்யிறேன். பத்தே நாளு."

"பத்து நாளா? நாளன்னிக்குப் பள்ளிக்கூடம் மாமா! எம் பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்!"

மூடிகளைப் பையில் போட்டேன். அவர் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டார்.

"வுடுங்க மாமா!"

"வேல முடியல மாப்ள! இத மாட்டிக்கிட்டுப் போனா என் பேரு என்னாவும்?"

சாமி கும்பிட்டுவிட்டு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பையின் காது அறுந்தது. கண்ணாடி மூடி வழுக்கி விழப்போக, இரண்டு பேரும் பாய்ந்து ஒரே நேரத்தில் பிடித்தோம். என் கோபம் அப்போதும் இறங்கவில்லை. மாமா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை. தன் தோள் துண்டை உதறி அதில் இரண்டையும் சுற்றி என் கையில் வைத்தார். "யாரு செஞ்சதுன்னு கேட்டா சொல்லாத" என்றார். குரல் சின்னதாக இருந்தது.

மறுநாள் முழுக்க உட்கார்ந்து மூடிகளை மாட்டி, ஆயில் ஊற்றி உதைத்தேன். வண்டி பிடித்துக்கொண்டது.

பள்ளி திறந்த அன்று தேன்மொழி ரிப்பனோடு வந்து, ஏறுவதற்காக இடது பக்கம் சுற்றி வந்தவள், அப்படியே குனிந்து நின்றுவிட்டாள். "அப்பா, என் மூஞ்சி தெரியுது!" ரிப்பனைச் சரிசெய்தாள். பல்லைக் காட்டிப் பார்த்தாள். கிளப்புவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

பள்ளி வாசலில் போய் நிறுத்தினால், அங்கே சாம்பிள் மாமா நிற்கிறார். சிதம்பரத்திலிருந்து முதல் பஸ். பள்ளிக்கு வழி சொன்னது மச்சானாம். ஒரு கையில் துணி, ஒரு கையில் ஸ்பேனர்.

"மூடியக் கழட்டு மாப்ள. எடுத்துட்டுப் போயிடுறேன். ராவு பூரா தூக்கமில்ல."

"பள்ளிக்கூட வாசல்லயா மாமா?"

அதற்குள் ஏழு சிநேகிதிகளும் ஓடிவந்து, மூடியில் முகம் பார்க்க வரிசை கட்டிவிட்டார்கள். தேன்மொழி வரிசையை ஒழுங்குபடுத்தினாள். பிறகு மாமாவின் ஸ்பேனரைப் பார்த்தாள்.

"மாமா, அத மாத்தாதீங்க."

"கண்ணு, அது வாராவாரம் தொடைக்கலன்னா பூத்துரும்மா. உங்க அப்பா தொடைக்கிற ஆளில்ல."

"அப்ப நீங்க வந்து தொடைங்க."

நான் எதிர்பார்த்தது 'பொறு, பாக்கலாம்' என்பதைத்தான். அவர் "சரி" என்றார். சாம்பிள் பார்க்காமல் அந்த மனிதர் ஒத்துக்கொண்டதை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

அன்று பிடித்தது இன்றுவரை விடவில்லை. தேன்மொழி இப்போது ஒன்பதாவது. ஞாயிறு தவறாமல் வருகிறார். இடது மூடியைத் துடைக்கிறார், வலது மூடியைத் திட்டுகிறார், என் மூக்குக் கண்ணாடியையும் பிடுங்கித் துடைத்துத் தருகிறார். என் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எனக்கு இல்லாமலே போய்விட்டது. எவ்வளவு எரிச்சல் என்று உங்களுக்குச் சொல்லி மாளாது.

இன்றைக்கும் ஞாயிறுதான். எட்டுக்கெல்லாம் வந்துவிடுகிறவர், மணி ஒன்றாகியும் காணோம். குழம்பு ஆறுகிறது என்கிறாள் செல்வி. துடைக்காவிட்டால் மூடி பூத்துவிடுமே என்பதற்காகத்தான், வேறு ஒன்றுமில்லை, இதை எழுதி முடிப்பதற்குள் நான் நான்கு தடவை பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.