மாமியார் மரத்தின் முதல் காய்ப்பு

எலுமிச்சை இலைகளில் குருவி எச்சமிட்டிருக்கிறது என்றுதான் ஹாமிது நினைத்தான். உடனே மீன்வலையை விரித்து மரத்தையே மூடிவிட்டான்.

மரம் மாமியார் ஹாஜரா பீவியுடையது. காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில்தான் வாசம். துபாயிலிருந்து லீவில் வந்தவனிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டு, மனைவி ஷஃபீகாவும் மாமியாரும் சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

"முதக் காய்ப்பு மாப்பிள்ளை. வந்ததும் ஊறுகாய் போடணும். பத்திரம்" என்று மாமியார் மரத்தைத் தொட்டுச் சொல்லியிருந்தார்.

போன லீவில் அவருடைய வான்கோழியைத் தொலைத்தவன் ஹாமிது. இதையும் கோட்டைவிட்டால் அந்த வீட்டில் தலை நிமிர முடியாது.

இரண்டொரு நாளில் வலைக்குள் எச்சம் நகர்ந்தது.

"அது புழு மச்சான்!" என்றான் பக்கத்து வீட்டு ஹுதைஃபா. "குருவி தின்னுட்டுப் போயிருக்கும். நீங்க வலையப் போட்டு அதுக்குக் காவல் இருந்திருக்கிய."

"இப்ப என்னல செய்ய?"

"மீன் கழுவுன தண்ணியத் தெளிங்க. நாத்தத்துலயே ஓடிரும்."

புழு ஓடவில்லை. தெருப் பூனைகள்தான் ஓடி வந்தன. வலையைக் கிழித்து, கிளைகளில் தொங்கி ஊஞ்சலாடின. நாற்றம் போகட்டும் என்று ஹாமிது சோப்புத்தூளைக் கைகூசாமல் கரைத்து அடித்தான். புழு செத்தது. கூடவே அது தின்று மிச்சமிருந்த இலைகளும் கருகிக் கொட்டின. கோலிக்குண்டு அளவில் இருந்த பிஞ்சுகள் மொத்தமும் உதிர்ந்தன.

அந்த நேரம் பார்த்து ஷஃபீகா போன் செய்தாள்.

"ரயில் ஏறிட்டோம். உம்மா மரத்தக் கேக்காவ."

"ஜோரா இருக்கு!" என்றான்.

சந்தைக்கு ஓடி, காம்போடு பச்சை எலுமிச்சங்காய்களாகப் பொறுக்கி வாங்கினான். ஷஃபீகாவின் தையல் நூலை எடுத்து மொட்டைக் கிளைகளில் கச்சிதமாகக் கட்டினான். மதில் மேல் எட்டிப் பார்த்த ஹுதைஃபா விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்குப் பொறாமை என்று ஹாமிது விட்டுவிட்டான்.

காலையில் ஆட்டோவில் வந்திறங்கிய மாமியார் நேரே மரத்தடிக்குத்தான் போனார்.

"இல எங்க மாப்பிள்ளை?"

"காய்க்குச் சத்துப் போகட்டும்னு நாந்தான் கழிச்சுவிட்டேன் மாமி."

மாமியார் ஒரு காயைத் தொட்டுப் பார்த்தார். மூக்கின் மேல் விரலை வைத்து அப்படியே நின்றுவிட்டார்.

"எல்லாம் உங்க துஆ மாமி" என்றான் ஹாமிது, அடக்கமாக.

பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் மகாராஜா அண்ணாந்து பார்த்தார்.

"என்னம்மா அதிசயம் இது! இதே ஆட்டோவுல நான் ஏத்திக் கொண்டாந்து தந்தது நாரத்தங்கன்னுல்லா!"