உடைந்த ஸ்டட்டும் உளவுத்துறை மருமகளும்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தால் வண்டி ரிப்பேர் தானாக வந்துவிடும் என்று நம்பியவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் என் மாமியார். இன்னொருவர் நான். (முதல் வகுப்பில் பாஸ் செய்தவள்தான். ஆனால் ஒர்க்‌ஷாப் ரெக்கார்டு முழுவதும் பக்கத்து பெஞ்சுக்காரியைப் பார்த்து எழுதியது.)

கல்யாணமாகி நல்லம்பள்ளிக்கு வந்து அப்போது மூன்று மாதம். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மாமனார் விடிந்தால் தோட்டம், பொழுதடைந்தால் வீடு. தக்காளிப் பெட்டிகளை மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போக வீட்டில் ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. ஒருநாள் அது ஊரே திரும்பிப் பார்க்கும்படி உறும ஆரம்பித்தது. மெக்கானிக் முனிராஜிடம் போனில் அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தோம். புகைக்குழாய் இன்ஜினோடு சேருகிற இடத்தில் புகை கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் போய்விட்டது என்று உடனே சொல்லிவிட்டார்.

அத்தைக்கு அங்கேயே சந்தேகம் தட்டிவிட்டது.

“பாக்காமயே சொல்றான்னா என்னா அர்த்தம் கண்ணு? மொதல்லயே திட்டம் போட்டு வெச்சிருக்கான். பக்கத்து வூட்டு வண்டியில நல்ல டைனமோவ எடுத்துக்கிட்டு ஓட்டை டைனமோவ மாட்டி அனுப்புனவனே இவன்தானாம்.”

“நீங்க பாத்தீங்களா அத்தை?”

“பாக்கல. ஆனா அவன் மூஞ்சியப் பாரு.”

எனக்கு அந்த ஆதாரம் போதுமானதாக இருந்தது.

“நீ போயி பக்கத்துலயே உக்காந்துக்கோ. நீதான் இன்ஜினியராச்சே” என்று அனுப்பிவைத்தார். கிளம்புவதற்கு முன் டைனமோ, பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாவற்றிலும் என் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். மாற்றினால் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா?

பட்டறையில் முனிராஜ் அண்ணன் பானெட்டைத் திறந்ததும் கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னாங்கம்மா, டைனமோவுக்குப் பொட்டு வெச்சிருக்கீங்க?”

“வேண்டுதல்ங்க” என்றேன்.

அவர் பவ்யமாகத் தலையாட்டினார். அந்தப் பவ்யமும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது. பவர் பேங்கில் சொருகிய போனை ஆயில் டப்பா மேல் சாய்த்து வைத்து, அத்தையிடம் சொல்லிவிட்டு வந்தபடி வீடியோவை ஓடவிட்டேன்.

குழாயைப் பிடித்திருந்த நட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசி நட்டோடு அது ஏறியிருந்த ஸ்டட்டே (தலையில்லாத போல்ட்) பாதியில் முறிந்து வந்துவிட்டது. மீதிப் பாதி இன்ஜின் ஹெட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. பிடித்துத் திருக நகக்கண் அளவுகூட வெளியே இல்லை. வேண்டுமென்றே உடைத்துவிட்டார் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் அதன் நடுவில் டிரில்லால் ஒரு சின்ன ஓட்டை போட்டார். போட்டு முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

“மூணு மணிக்குத்தான் வரும்மா. எண்ணெய் வுட்டிருக்கேன், ஊறட்டும். கரண்ட் வந்ததும் அது தலையில ஒரு நட்டை வச்சு வெல்டிங் அடிச்சா சூட்டுல இளகிக்கும். அவசரப்பட்டா ஹெட்டே போயிரும்.”

“காலையில தக்காளி ஏத்தணுமேங்க.”

“ஏத்திரலாம்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடக் கிளம்பிவிட்டார்.

நான் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். ஓட்டை போட்டாயிற்று. எதிரில் திறந்து கிடந்த டூல் பெட்டியில் எக்ஸ்ட்ராக்டர் இருக்கிறது. (இடப்பக்க மரை போட்ட சின்ன எஃகுக் குச்சி. ஓட்டையில் விட்டு இடப்பக்கமாகத் திருகினால் உடைந்த ஸ்டட்டைக் கவ்விக்கொண்டு வெளியே வரும் என்று பாடத்தில் படித்திருந்தேன். ஐந்து மார்க் கேள்வி.) கருவி கையிலேயே இருக்க, எதற்கு வெல்டிங்? ஒரு மணி நேர வேலையை ஒரு நாள் ஆக்கப் பார்க்கிறார்! கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமிதத்தில் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டினேன்.

எக்ஸ்ட்ராக்டரை ஓட்டையில் விட்டு, கைப்பிடி மாட்டித் திருகினேன். அசையவில்லை. இன்னும் பலமாகத் திருகினேன். அசைந்தது! ஸ்டட் சுழல்கிறது என்று நினைத்தேன். உண்மையில் முறுக்கிக்கொண்டிருந்தது எக்ஸ்ட்ராக்டர். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு இழு இழுத்தேன்.

டக்.

கையில் பாதிக் குச்சி இருந்தது. மீதிப் பாதி ஸ்டட்டுக்குள். எந்த டிரில் பிட்டும் தொட முடியாத கெட்டி எஃகு அது என்பதும் அதே ஐந்து மார்க் பதிலில்தான் இருந்தது. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கையிலிருந்த துண்டைப் பெட்டியின் அடியில் தள்ளினேன். ஓட்டை மேல் ஒரு விரல் கிரீஸைத் தடவிவிட்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்து வானத்தைப் பார்த்தேன்.

கரண்ட் வந்தது. முனிராஜ் அண்ணனும் வந்தார். கிரீஸைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தவரின் முகம் மாறியது.

“இங்க யாராச்சும் வந்தாங்களாம்மா?”

“லேத் அண்ணன் வந்தாருங்க” என்றேன்.

அது பொய் இல்லை. பக்கத்து லேத் பட்டறை குப்புசாமி வந்தார். பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். போனார். அவ்வளவுதான். ஆனால் நான் அதைச் சொன்ன தொனி இருக்கிறதே, அதற்கே எனக்குத் தண்டனை கொடுத்திருக்க வேண்டும்.

“குப்பு! என் வேலையில எதுக்குடா கைய வெச்ச?” என்று பக்கத்துப் பட்டறையைப் பார்த்துக் கத்தினார் முனிராஜ் அண்ணன்.

“நானா? தண்ணி குடிக்க வந்தவன்டா நான்!”

“பொறாமையில கெடுத்துட்டுப் பேச்சப் பாரு!”

“இத்தினி வருசம் பழகிட்டு என்னப் பாத்து இந்த வார்த்தை சொல்லிட்ட இல்ல? இனிமே என் பட்டறை வாசப்படி மிதிக்காத!”

தினமும் ஒரே டீயைப் பாதிப் பாதியாகக் குடிக்கிற இரண்டு பேர், சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றார்கள். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அத்தை வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் தூக்குப்போசியைத் தரையில் வைத்தார்.

“ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க! சண்டையாட்டம் நடிக்கறாங்க! எங்க மருமவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? எல்லாத்தையும் வீடியோ புடிச்சிருக்கா! போட்டுக் காட்டு கண்ணு!”

ஆயில் டப்பா மேல் போன் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. எட்டி அதை எடுக்கப் போனேன்.

“அது சரியா பதிஞ்சிருக்காது அத்தை…”

அத்தை போனை எடுத்து முனிராஜ் அண்ணன் கையிலேயே கொடுத்துவிட்டார். மூன்று தலைகள் அதன் மேல் கவிழ்ந்தன. அவர் தள்ளித் தள்ளிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு வீராங்கனை திரையில் நுழைந்தாள். முக்கினாள். முனகினாள். டக். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, தனக்குத்தானே மெதுவாகச் சொன்னாள்: “ஒண்ணும் ஆவல. ஒண்ணும் ஆவல.”

அப்படிச் சொன்னது எனக்கே நினைவில்லை.

முதலில் சிரித்தது குப்புசாமி அண்ணன். முனிராஜ் அண்ணன் சிரிக்கவில்லை. அவர் பக்கம் திரும்பி, “மன்னிச்சுக்கடா” என்றார். நானும் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அழுகையே வந்துவிட்டது. “வுடுங்கம்மா, இரும்புதான உடைஞ்சுது” என்றார் குப்புசாமி அண்ணன்.

அவரே ஒரு பஞ்ச் உளியை வைத்துத் தட்டித் தட்டி (கெட்டி எஃகு தட்டினால் நொறுங்கும்) எக்ஸ்ட்ராக்டரைத் தூள் தூளாக எடுத்தார். முனிராஜ் அண்ணன் ஸ்டட்டின் தலையில் நட்டை வைத்து வெல்டிங் அடித்தார். நான்கு முறை நட்டு மட்டும் பிய்த்துக்கொண்டு வந்தது. ஐந்தாவது முறை ஸ்டட் ஒரு முனகலோடு சுழன்று வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மறுநாள் தக்காளி மார்க்கெட்டுக்குப் போய்விட்டது.

என் மானமும் கூடவே போனது. அத்தை அந்த வீடியோவை ஓசூருக்கு அனுப்ப, அங்கிருந்து அது சொந்தபந்தம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று எங்கள் வீட்டில் பால் பொங்கினாலும், டம்ளர் உடைந்தாலும், மாமனார் மோட்டாரை நிறுத்த மறந்து தோட்டம் ஏரியானாலும் முதலில் கேட்பது “ஒண்ணும் ஆவல” என்ற குரல்தான். என் ஆறு வயது மகள் கணக்குப் பரீட்சைத் தாளைக்கூட அப்படிச் சொல்லித்தான் நீட்டுகிறாள்.

அத்தைக்கு இப்போது முனிராஜ் அண்ணன் மேல் எந்தச் சந்தேகமும் கிடையாது. அது மொத்தமும் என் பேருக்கு மாற்றப்பட்டுவிட்டது.

போன மாதம் ஆயில் மாற்ற ஜீப்பை நானே ஓட்டிக்கொண்டு போனேன். முனிராஜ் அண்ணன் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார். குனிந்து, டூல் பெட்டியை மூடி, பூட்டை அழுத்திப் பூட்டினார். அப்புறம்தான் நிமிர்ந்து வாய் நிறையச் சிரித்தார்.

“வாங்கம்மா, வாங்க. டீ சொல்லட்டுங்களா?”