செய்திப்படி நடந்த கூட்டம்

நகரப் பொது நூலகத்துக்குப் படிக்க வருகிறவர்களால் நிர்வாகத்துக்கு எந்தப் பெருமையும் கிடையாது. படிக்கிற ஆள் தலையைக் குனிந்துகொண்டிருப்பான், புகைப்படத்தில் முகம் விழாது. கை தட்டமாட்டான். மேலதிகாரி வந்தால் எழுந்திருக்கக்கூட மாட்டான். இந்த அவல நிலையை ஆழ்ந்து பரிசீலித்த நூலக இயக்குநர், மக்களிடையே வாசிப்பை வளர்க்கும் உன்னத நோக்கத்தோடு, வாசிப்பறையில் இருந்த மேசைகளை அப்புறப்படுத்திவிட்டு அங்கே மேடை போட்டார். வாரந்தோறும் எழுத்தாளர் சந்திப்பு தொடங்கியது. படிக்க வந்தவர்கள் உட்கார இடமில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். வாசிப்பு வளர்ந்தது.

சந்திப்புகளைப் பற்றி உலகுக்கு அறிவிக்க இலக்கியச் செய்தி அலுவலர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டார். கூட்டம் சாயங்காலம், பத்திரிகைகளுக்குச் செய்தி போய்ச் சேரவேண்டியதோ மத்தியானம். வேறொருவராக இருந்தால் மலைத்துப்போயிருப்பார். இவர் காலையிலேயே செய்தியை எழுதி அனுப்பிவிட்டுச் சாயங்காலம் கூட்டத்தை அதற்கு ஏற்ப நடத்த ஆரம்பித்தார்.

'அரங்கம் நிரம்பி வழிந்தது' என்று எழுதியிருந்தால் நாற்காலிகளில் முக்கால்வாசியைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே போட்டுவிடுவார். வந்த பத்துப் பேரில் பாதிப்பேர் நிற்பார்கள், அரங்கம் நிரம்பி வழிந்துவிடும். ஒருமுறை 'வாசகி ஒருவர் கண் கலங்கினார்' என்று எழுதிவிட்டார். அன்றைக்கு வாசகி என்று யாரும் வரவில்லை. நூலகத்திலேயே வேலை பார்க்கும் ஓர் அம்மாளை முன்வரிசையில் உட்காரவைத்து, அவர் கேட்டிருந்த பேறுகால விடுப்பு நிராகரிக்கப்பட்டுவிட்டதாகக் காதில் சொன்னார். செய்தி எழுத்துக்கு எழுத்து உண்மையாயிற்று. விடுப்பும் உண்மையிலேயே நிராகரிக்கப்பட்டது, ஏனென்றால் அரசு அலுவலர் பொய் சொல்லக்கூடாது.

இத்தனைக்கு நடுவிலும் ஒரே ஒருவர் நூலகத்துக்குப் படிக்கத்தான் வந்துகொண்டிருந்தார். அடுத்த தெருத் தையல்காரர். மேடைக்குப் பின்னால் ஜன்னலோரம் ஒரு பழைய முக்காலி கிடந்தது. கடையை மூடிவிட்டு வந்து அதில் உட்காருவார், சட்டையில் ஒட்டிய நூல்பிசிறைத் தட்டிவிட்டு ஒரு தடித்த நாவலைப் பிரிப்பார். இருந்தது ஒரே பிரதி, வெளியே தரமாட்டார்கள். புருஷனின் அடி தாங்காமல் ஒரு தையல் இயந்திரத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிய ஒருத்தியின் கதை அது.

தையல்காரரின் தங்கையும் அப்படிக் கிளம்பி வந்தவள்தான். தலையில் இயந்திரம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அன்றன்றைக்குப் படித்ததை அவர் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளுக்குச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை புருஷன் வீட்டார் பேச வருவதாக இருந்தது. போகிறாயா இல்லையா என்று சொந்தக்காரர்கள் அவளைப் பிய்த்து எடுத்தார்கள்.

"கதையில அவ என்ன செய்றான்னு தெரியட்டும் அண்ணா, அப்புறம் நான் சொல்றேன்" என்றாள் தங்கை.

இன்னும் கடைசி அத்தியாயம்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை அவர் அதைப் படிக்க வந்து உட்கார்ந்தபோது, மேடையில் அந்த நாவலை எழுதியவருக்கே பாராட்டுக் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது.

எழுத்தாளர் நேரத்துக்கு வந்துவிட்டார். ஆனால் அழைப்பிதழில் போட்டிருந்தது அவருடைய வாலிப வயதுப் படம், தலை நிறைய முடி. வந்தவர் தலையில் ஒன்றுமே இல்லை. காவலாளி படத்தையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான்தாம்ப்பா எழுத்தாளர்."

"வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க. பார்வையாளர் வரிசை அந்தப் பக்கம்."

எழுத்தாளர் கடைசி வரிசையில் போய் நின்றார். உள்ளே செய்தி அலுவலர் இயக்குநரிடம் ஓடினார்.

"சார், எழுத்தாளர் வரலை."

"செய்தியில என்ன போட்டிருக்கு?"

"வந்து உருக்கமாப் பேசிட்டார் சார்."

"அப்போ வந்துட்டார். எங்கே இருக்கார்னு பாருங்க."

தேடினார்கள். மேடைக்குப் பின்னால் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார், கையில் புத்தகம். அதே புத்தகம். அந்தக் கட்டடத்தில் அதைக் கையால் தொட்டிருந்த ஒரே மனிதர். அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

"ஐயோ, நான் துணி தைக்கிறவன் சார். ஒரே ஒரு அத்தியாயம்தான். படிச்சுட்டுப் போயிடறேன்."

"பேசிட்டு வந்து படிங்க, யாரு வேண்டாம்னது?" என்றார் செய்தி அலுவலர். "ரொம்பப் பேசவேண்டாம். 'நாயகி மனம் திருந்திக் கணவன் வீடு திரும்புவதாக நாவலை முடித்த காரணத்தை ஆசிரியர் உருக்கமாக விளக்கினார்.' இதைச் செஞ்சாப் போதும்."

தையல்காரருக்கு முகம் செத்துவிட்டது. "திரும்பிப் போயிட்டாளா? நீங்க படிச்சீங்களா சார்?"

"நான் ஏன்யா படிக்கணும்? நான் செய்தி அலுவலர். வீட்டை விட்டுப் போனவ திரும்பித்தானே வரணும், இல்லேன்னா கதை எப்படி முடியும்?"

அவரைத் தள்ளாத குறையாக மேடையில் ஏற்றினார்கள். பூங்கொத்தை ஒரு கையில் திணித்தார்கள், கண்ணாடியில் செய்த நினைவுப் பரிசை இன்னொரு கையில் திணித்தார்கள். தையல்காரர் ஒலிவாங்கிக்கு அருகே போனார். பிறகு மனதில் இருந்ததைச் சொன்னார்.

"அவ ஏன் திரும்பிப் போனான்னு எனக்கே புரியலைங்க."

அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. இப்படிப்பட்ட அடக்கத்தை எந்த எழுத்தாளரிடமும் கண்டதில்லை என்று முன்வரிசைப் பேராசிரியர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். தையல்காரர் பயந்துபோய், "மன்னிச்சுக்கங்க" என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு வழுக்கைத் தலை முன்னால் வந்தது. "அவ திரும்பிப் போகவே இல்லை. அந்த நாவலை எழுதினது நான்."

"ஐயா," என்றார் இயக்குநர், "எழுத்தாளரை எதிரில் வைத்துக்கொண்டு அவருடைய நாவலை அவருக்கே சொல்லித்தருவது பண்பாகாது."

"புத்தகத்தை ஒழுங்காப் படிச்சுட்டு வாங்க" என்றார் பேராசிரியர். அவர் அதன் அட்டையைக்கூடப் பார்த்தவரில்லை. உட்காரு, உட்காரு என்று நாலாபக்கமும் சத்தம். உட்கார நாற்காலி இல்லாததால் எழுத்தாளரை வெளியே கூட்டிப்போய்த் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். நாளைச் செய்தியில் தன் பெயர் வருமா என்று கேட்டார். பெரிய எழுத்தில், முடியுள்ள படத்தோடு வரும் என்றார்கள். அப்படியானால் சரி என்று இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தையல்காரர் இறங்கியதும் ஜன்னலோரம் ஓடினார். முக்காலியில் நாவல் இருந்தது, கடைசி அத்தியாயம் இல்லை. நேரே இயக்குநர் அறைக்குப் போனார்.

"செய்தியில திரும்பிப் போனான்னு இருக்கு, புத்தகத்துல வேற மாதிரி இருக்கு" என்று இயக்குநர் பொறுமையாக விளக்கினார். "பொது நூலகத்துல ரெண்டு கருத்து இருக்கலாமா? அதான் புத்தகத்தைத் திருத்திட்டோம்."

"வேற மாதிரின்னா எப்படி சார்? அந்த வழுக்கைத் தலைக்காரர் சொன்னது நெசமா? நீங்க படிச்சீங்களா? என் தங்கச்சி கேட்டுக்கிட்டிருக்கா. ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிப்போக வர்றாங்க. தயவுசெஞ்சு ஒருதடவை காட்டுங்க."

இயக்குநர் இழுப்பறையைத் திறந்து, கிழித்த பக்கங்களை மேசைமேல் வைத்தார்.

"தாராளமாப் படிங்க. ஆனா ஒண்ணு. துறைமுகக் கிளையில ஞாயித்துக்கிழமை ஒரு கூட்டம், உங்களைத்தான் கேக்கறாங்க. கார் வரும், பெரிய பூங்கொத்து, மத்தியானச் சாப்பாடு. எழுத்தாளருக்குத்தான் கார் அனுப்புவோம். வாசகருக்கு அனுப்பறதுக்கு விதியில இடமில்லை. இதைப் படிச்சீங்கன்னா நீங்க வாசகர்."

தையல்காரர் பக்கங்களைப் பார்த்தார். வெளியே அவரோடு படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பேராசிரியர்தான் முதல் ஆள். தையல்கடை இருந்த தெருவில் இத்தனை வருஷமாக, அளவு எடுப்பதற்குத் தவிர வேறு எதற்கும் அவர் எதிரில் யாரும் வந்து நின்றதில்லை.

"கார் எத்தனை மணிக்கு வரும் சார்?" என்றார்.

வீட்டில் தங்கை சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்து, தையல் இயந்திரத்தின்மேல் கிடந்த அரைகுறைச் சட்டையை ஒதுக்கிவிட்டு நினைவுப் பரிசை அங்கே வைத்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

"முடிச்சுட்டியா அண்ணா? அவ திரும்பிப் போனாளா, இல்லையா?"

தையல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதை வாசகர்களோட முடிவுக்கே விட்டுட்டேம்மா" என்றார்.