மீன் இல்லாத மீன் தொட்டி

அழைப்பு மணி அடித்தபோது நூலகரின் இடது கையில் மூன்றரை அடிப் பாம்பு சுற்றிக்கொண்டிருந்தது. வலது கையில் தொட்டியைத் துடைக்கிற ஈரத்துணி. கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். வெளியே, கீழ்த்தளத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

வாடகை ஒப்பந்தத்தின் பன்னிரண்டாம் விதி பிராணிகள் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. இரண்டு வருடத்தில் இது நான்காவது வீடு. முதல் வீடு ஒழுகியது, இரண்டாவது வீடு இடிந்தது, மூன்றாவது வீட்டை அதன் சொந்தக்காரர் தன் மகளுக்கென்று கேட்டார். இந்த வீடோ நூலகத்துக்கு ஐந்து நிமிட நடை. மனைவி வேலை பார்க்கும் கால்நடை மருத்துவமனைக்கு மூன்று நிமிடம். இன்னொரு தடவை பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டச் சொன்னால், மூட்டையோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் சும்மா சொல்கிற ரகம் இல்லை.

அந்தப் பாம்பைக் கொண்டு வந்ததே அவள்தான் என்பது வேறு விஷயம். இரண்டு மாதத்துக்கு முன் தலையணை உறையில் போட்டு எடுத்து வந்தாள். யாரோ வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். பந்து மலைப்பாம்பு என்பார்களாம், விஷம் கிடையாதாம், பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வதோடு சரியாம். வேறு இடம் கிடைக்கிறவரை நான்கு நாள் இருக்கட்டும் என்றாள்.

"கீழ வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியவே கூடாதுங்க. தெரிஞ்சா நாம அன்னைக்கே காலி."

முதல் வாரம் நூலகர் சோபாவின் மேல் கால்களைத் தூக்கி வைத்தபடியே வாழ்ந்தார். இரண்டாவது வாரம் அதற்கு உருண்டை என்று பெயர் வைத்தார். மூன்று வாரம் அது எதையும் தொடவில்லை, அவருக்கும் சோறு இறங்கவில்லை. நான்காவது வாரம் உருண்டை முதல் எலியை விழுங்கிய அன்று நூலகத்துக்கு அரைநாள் விடுப்பு சொன்னார். தொட்டியின் ஒரு பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, மறுபக்கம் இருபத்தாறு, ஈரப்பதம் அறுபது என்று காலை மாலை நோட்டில் குறித்துவைத்தார். அவருக்கு அந்தப் பாம்பின் மேல் பாசம் வந்துவிட்டது. அதை வேறு மாதிரி சொல்ல வழியில்லை.

மணி மறுபடி அடித்தது. உருண்டையைத் தலையணை உறைக்குள் விட்டு, வாயை முடிந்து, குளியலறை வாளிக்குள் வைத்தார். தொட்டியின் மேல் போர்வையை வீசினார். கதவைத் திறந்தார்.

வீட்டுக்காரர் சுவரைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். இந்த மாதத்தில் அவர் சுவரைப் பார்க்க வருவது மூன்றாவது முறை. ஆனால் மனிதர் சுவரைப் பார்த்து நூலகர் பார்த்ததில்லை. அலமாரிக்கு அடியில் பார்ப்பார், திரைச்சீலைக்குப் பின்னால் பார்ப்பார், சோபாவின் இடுக்கில் கையை விட்டுத் துழாவுவார். யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று நூலகருக்கு முதல் தடவையே சந்தேகம் தட்டியிருந்தது.

வீட்டுக்காரரின் பார்வை நேராகப் போர்வைக்குப் போனது. "அது என்ன?"

"மீன் தொட்டி சார்."

வீட்டுக்காரர் போர்வையைத் தூக்கினார். "மீன் எங்க?"

"செத்துப் போச்சு சார்."

அவர் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். "மீன் தொட்டி இவ்வளவு சூடா இருக்கு?"

"அதனாலதான் சார் செத்துப் போச்சு."

வீட்டுக்காரர் போர்வையை மறுபடி மூடினார். பிறகு சம்பந்தமே இல்லாமல், வீட்டில் எலி நடமாட்டம் உண்டா என்று விசாரித்தார். நூலகர் மின்னல் வேகத்தில் யோசித்தார். எலி இல்லை என்றால் பாம்பு இருக்கிறது என்று ஆகிவிடும். ஆகவே எலித் தொல்லை தாங்க முடியவில்லை, ராத்திரி பகல் என்று பார்ப்பதில்லை, குடும்பம் குடும்பமாக அலைகின்றன என்று அளந்து விட்டார். வீட்டுக்காரரின் முகம் தொங்கிப்போனது. அப்பாடா, தப்பித்தோம் என்று நூலகர் நினைத்தார்.

அந்த நிம்மதியில், வெயிலில் வந்திருக்கிறீர்கள், குளிர்ந்த தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று வாயை விட்டார். உட்காருங்கள் என்று சொல்ல மறந்தார். வீட்டுக்காரர் கூடவே சமையலறைக்குள் வந்து, குளிர்பெட்டியின் பின்பக்கச் சூட்டில் கையை வைத்துத் தடவ ஆரம்பித்தார். மேடையில் ஒரு கண்ணாடிக் குவளை இருந்தது. அதில் வெந்நீர். வெந்நீருக்குள், உருண்டையின் மதியச் சாப்பாட்டுக்காக உறைபெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட வெள்ளை எலி, வால் வெளியே தொங்க, பதமாகிக்கொண்டிருந்தது.

இருவரும் குவளையைப் பார்த்தார்கள்.

"சொன்னேன்ல சார், தொல்லைன்னு," என்றார் நூலகர். "தானா வந்து விழுந்து செத்துடுச்சு."

வீட்டுக்காரர் சுண்டு விரலைத் தண்ணீரில் விட்டு எடுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. வாலைத் தூக்கி ஒருமுறை பார்த்தார். அவர் முகத்தில் எல்லாம் புரிந்துவிட்ட களை வந்தது. செல்பேசியை எடுத்து, பக்கத்துத் தெருக் குழாய்க்காரரை உடனே வரச் சொன்னார். குளியலறையில் கசிவு இருக்கிறதாம், எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டுமாம்.

குளியலறை என்றதும் நூலகர், அவசரமாகக் குளிக்க வேண்டும் என்று சொல்லி ஓடிப்போய்த் தாழ் போட்டுக்கொண்டார். வாளியில் தலையணை உறை இருந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தது. உறை காலியாக இருந்தது. கதவுக்கு அடியில் மூன்று விரல் இடைவெளி இருப்பது அவருக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை, தேடத்தான் வேண்டும். அதுவும் தேடாதவர் போலத் தேட வேண்டும். சட்டையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டு வெளியே வந்தார். குழாய்க்காரர் அதற்குள் வந்து, கருவிப் பையைக் கூடத்து மூலையில், வெயில் விழும் இடத்தில் வைத்துவிட்டு, சமையலறைக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் தரையில் முட்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். நூலகரும் சொட்டச் சொட்ட முட்டி போட்டு மேசைக்கு அடியில் பார்த்தார். வீட்டுக்காரர் நூலகரிடம் எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்க, சோப்பு என்றார். நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று நூலகர் கேட்க, கசிவு என்றார். கட்டிலுக்கு அடியிலா என்று கேட்கும் தைரியம் நூலகருக்கு இல்லை.

குழாய்க்காரர் கூடத்துக்கு வந்து, பையில் கையை விட்டுக் கொஞ்ச நேரம் துழாவினார்.

"சார்," என்றார் நிதானமாக. "என் பையில நான் வைக்காத சாமான் ஒண்ணு இருக்கு."

உருண்டை குழாய் திருகும் குறடுகளுக்கு நடுவில் பந்தாகச் சுருண்டு, தலையை உள்ளே ஒளித்துக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்தது என்று நூலகர் கண்ணை மூடினார். திறந்து பார்த்தபோது வீட்டுக்காரர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பாம்பு அவர் மடியில் இருந்தது. அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ரெண்டு மாசம்டா குட்டி. எங்கடா போயிட்ட?"

விஷயம் மெல்ல வெளியே வந்தது. வீட்டுக்காரரும் ஆறு வருடமாகப் பாம்பு வளர்க்கிறவர்தான். பன்னிரண்டாம் விதியே குட்டிக்காகப் போட்டது, குடிவருகிறவர்களின் பூனை நாய் அவனைப் பயமுறுத்தக் கூடாது என்று. கூண்டை விட்டு அவன் தப்பிப் போனதை வெளியே சொன்னால் மாடியில் ஒரு குடித்தனம் தங்குமா? அதனால்தான் சுவரைச் சாக்குச் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

நூலகருக்கு அவர்மேல் இரக்கம் பொங்கியது. ஆனாலும் உண்மை என்று ஒன்று இருக்கிறதே.

"சார், இது உங்க குட்டி இல்ல. என் உருண்டை. வேணும்னா அடையாளம் சொல்றேன். இடது பக்கம் மூணாவது திட்டு சாவித் துவாரம் மாதிரி இருக்கும்."

"ஆமா, இருக்கும். வால்கிட்ட ஒரு தழும்பு இருக்கும், விளக்கு பட்டுச் சுட்டது."

"ஆமா சார், இருக்கும். தலையத் தொட்டா பிடிக்காது, தாடையத் தொட்டா பேசாம இருக்கும்."

"அதேதான். வெள்ளை எலிதான் தின்னும்."

உலகத்தில் ஒரே மாதிரி இரண்டு பாம்புகள் இருப்பதாக நூலகர் முடிவு செய்தார். நூலகர் திருடர் என்று வீட்டுக்காரர் முடிவு செய்தார். பிறகு குட்டியைப் பார்த்து மனம் இளகி, நல்லபடியாக விட்டுக்கொடுத்தால் இங்கேயே ஒப்பந்தம் போட்டுத் தருகிறேன், ஐந்து வருடம் வாசல்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன் என்றார்.

ஐந்து வருடம். நூலகர் தன் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நல்ல காற்று, நல்ல வெளிச்சம், ஒழுகாத கூரை. மனைவியின் அம்மா வீடு கண்முன் வந்து போனது.

"வேணாம் சார். நாங்க காலி பண்ணிடுறோம். உருண்டை எங்ககூட வரட்டும்."

அவர் பாம்பின் கீழ்ப்பாதியை ஏந்திக்கொண்டார். மேல்பாதி வீட்டுக்காரரிடம் இருந்தது. பாம்பை இழுக்கக் கூடாது என்பது இருவருக்கும் தெரியும், அதனால் யாரும் இழுக்கவில்லை. நான்கு உள்ளங்கைகளுக்கு நடுவில் அது நிம்மதியாகச் சுருண்டுகொண்டது. இப்படியே பத்து நிமிடம் போனது. நான் கிளம்பலாமா என்று குழாய்க்காரர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மதியச் சாப்பாட்டுக்கு வந்த நூலகரின் மனைவியும், கணவரைத் தேடி மேலே ஏறிய வீட்டுக்காரரின் மனைவியும் ஒன்றாக வாசலில் வந்து நின்றார்கள். நூலகரின் மனைவி வீட்டுக்காரர் கையில் பாம்பைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினாள். வீட்டுக்காரரின் மனைவி பாம்பைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்றவளிடம் திரும்பினார்.

"தூரமா எங்கயாவது கொண்டு போய்க் குடுத்துடுன்னுதானேம்மா உன்கிட்ட ஒப்படைச்சேன், மாடியிலயா கொண்டு வந்து வச்சே?"