முத்திரைப் பெட்டியும் கூப்பிடு தூரமும்

ஒரு காட்டில் ஒரு நாள் பஞ்சாயத்து கூடியது. வந்திருந்தவர்கள் இவர்கள்: தலைவர் காட்டெருமை கொம்பையா. குரங்குகள் மூன்று, அவற்றில் பேசுவது மொக்கச்சாமி, மற்ற இரண்டும் ஆமாம் போடுவதற்கு. மயில் சிகாமணி. முள்ளெலி சுருளி. ஆக மொத்தம் ஆறு. ஏழு என்று சொல்பவர்கள் மேலே கிளையில் உட்கார்ந்திருந்த காகத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அதை யாரும் அழைக்கவில்லை. அதனால் அது கணக்கில் இல்லை.

பிராது கொடுத்தது சுருளி. கொடுத்ததே பெரிய காரியம். யாராவது நேராகப் பார்த்தால் பந்தாகச் சுருண்டுகொள்கிற சுபாவம் அதற்கு. அன்றைக்கும் பேரைச் சொன்னதுமே சுருண்டுவிட்டது.

"நாங்க யாரும் உன்னைப் பாக்கலை. நான் பாட்டுக்கு மேயுறேன். நீ சொல்லு" என்றது கொம்பையா.

பிறகுதான் விரிந்தது.

சங்கதி இதுதான். சுருளிக்கு முத்திரைப் பெட்டி வைக்கிற பழக்கம் உண்டு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதற்குள் தானே செதுக்கிய ரப்பர் முத்திரை ஒன்று, கொஞ்சம் மை. பெட்டியை எங்காவது ஒளித்துவிட்டு, 'சாய்ந்த மருதமரத்துக்குக் கிழக்கே, வெள்ளைப் பாறையின் முதுகுப்புறம்' என்று துப்பு மட்டும் எழுதித் தொங்கவிடும். கீரி, மான், முயல் எல்லாம் துப்பைப் பிடித்துக்கொண்டு தேடும். கண்டுபிடித்தால் தங்கள் நோட்டில் முத்திரையைக் குத்திக்கொண்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரும். பரிசு கிடையாது. குத்தினோம் என்கிற திருப்திதான்.

வெளியூரில் இதற்கு லெட்டர் பாக்ஸ் என்று பெயர். சுருளியும் முதலில் அந்தப் பெயரைத்தான் வைத்தது. சிகாமணி அதில் ஒரு கடிதத்தைப் போட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று ஒரு மழைக்காலம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கப்புறம் பெயரை மாற்றிவிட்டது.

குரங்குகளுக்கு வேறு விளையாட்டு. சுற்றுலா வந்தவர்கள் தவறவிட்ட செல்போன் ஒன்று அவற்றின் கையில் சிக்கியிருந்தது. டப்பாக்களை ஒளித்து, இடத்தை ஜி.பி.எஸ்.ஸில் குறித்துக்கொள்ளும். ஜியோகேஷ் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். அம்புக்குறி காட்டுகிற பக்கம் போக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் சுற்றியிருக்கும் பொந்து, புதர், கல்லிடுக்கு ஒன்று விடாமல் கையை விட்டுத் துழாவ வேண்டும். கிடைத்த டப்பாவில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒன்றைப் போட வேண்டும்.

வினை அங்கேதான் முளைத்தது. ஒளிக்கத் தோதான இடம் என்று குரங்குக்குப் படுவதும் முள்ளெலிக்குப் படுவதும் ஒன்றாகவே இருந்தது. டப்பாவைத் தேடிய கைகள் முத்திரைப் பெட்டியில் பட்டன. முத்திரையை எடுத்துக்கொண்டு சோடா மூடியைப் போட்டுவிட்டுப் போயின. அடுத்து வந்த கீரி, சோடா மூடியில் மையைத் தடவி நோட்டில் குத்திப் பார்த்துவிட்டு, "சுருளிக்கு என்ன ஆச்சு? இந்தத் தடவை வெறும் வட்டமா இருக்கே" என்று வருத்தப்பட்டது.

முத்திரைகள் எல்லாமே ஓடையில் அடித்து வந்த ஒரு ரப்பர் செருப்பில் செதுக்கியவை. ஒற்றைச் செருப்பு. அதில் ஏழு தேறியது. நான்கு போய்விட்டது. ஜோடிச் செருப்பைக் கொண்டுவந்து கொடுக்கும் என்று எந்த ஓடையையும் நம்ப முடியாது. இருக்கிற மூன்றும் போனால் விளையாட்டு அத்தோடு முடிந்தது. அந்த மூன்றையும் டப்பா தேடும் கைகளுக்கு அகப்படாமல் எங்கே ஒளிப்பது? இதுதான் பிராது.

"திருட்டுன்னு மட்டும் சொல்லாதீங்க தலைவரே" என்றது மொக்கச்சாமி. "பதிலுக்கு மூடி வெச்சிருக்கோம். ஒரு மூடிகூட நசுங்கினது கிடையாது."

"ஆமாம்" என்றன மற்ற இரண்டும்.

கொம்பையா ஒரு கட்டுப் புல்லை மென்று முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னது. "டப்பாவிலேருந்து கூப்பிடு தூரம் வரைக்கும் குரங்குங்க எல்லை. அதைத் தாண்டினா சுருளி எல்லை. ஒருத்தர் எல்லையில ஒருத்தர் கை வைக்கக் கூடாது. வெச்சா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

எல்லாருக்கும் தெரியும். கொம்பையா யாரையும் முட்டாது. மேலே உட்கார்ந்துவிடும்.

சுருளிக்குச் சந்தோஷம். அப்போது கணக்கில் இல்லாத காகம் வாயைத் திறந்தது. "கூப்பிடு தூரம் சரி. கூப்பிடுறது யாரு?"

"நம்ம சிகாமணி அண்ணன்தான்!" என்று முந்திக்கொண்டது மொக்கச்சாமி. "ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆளு. என்ன குரல்! என்ன சாரீரம்!"

சாரீரம் என்ற சொல்லுக்கே சிகாமணியின் தோகை பாதி விரிந்துவிட்டது. அது ஒரு டப்பாவின் மேல் ஏறி நின்று கூப்பிட்டது. சத்தம் கேட்காத இடம் வரை நடந்து பார்த்து வருவது சுருளியின் வேலை. நடந்தது. மூங்கில் புதர் தாண்டியது, கேட்டது. கரட்டு மேடு தாண்டியது, கேட்டது. காடே முடிந்து, தார் ரோடு வந்து, அங்கே ஒரு டீக்கடையும் வந்தது. "மயில் அகவுது, மழை வரும்போல" என்று டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பியது.

"எதுவரைக்கும் மாமா கேட்டுச்சு?" என்றது மொக்கச்சாமி.

"டீக்கடை வரைக்கும்."

"அப்ப காடு முழுக்க எங்களுது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. பெட்டியை பன்னு ஜாடிக்குள்ள வெச்சுக்கங்க!"

"ஆமாம்" என்றன மற்ற இரண்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

எல்லாரும் சுருளியையே பார்த்தார்கள். அது சுருண்டது. ஆனால் அன்றைக்கு ஓர் அதிசயம் நடந்தது. பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. வெளியே இருந்தால் வராத தைரியம் உள்ளே இருந்தால் வருகிறது போலும்.

"தலைவரே, ஒரு சந்தேகம். கூப்பிடு தூரம்னா கூப்பிட்டா கேக்குற தூரமா, கூப்பிட்டா வர்ற தூரமா?"

கொம்பையா அசைபோடுவதை நிறுத்தியது. அப்படி அது நிறுத்தி யாரும் பார்த்ததில்லை.

"கூப்பிடுறதே வர்றதுக்குத்தான்" என்றது பந்து. "கேக்குறதுக்கு மட்டும்னா அதுக்குப் பேரு கூப்பிடுறது இல்ல. கத்துறது."

"நியாயம்" என்றது கொம்பையா. "சிகாமணி, இன்னொரு தடவை கூப்பிடு. யாரு எங்கேருந்து வர்றாங்கன்னு பாப்போம்."

சிகாமணி கூப்பிட்டது. ஒருவரும் வரவில்லை. கழுத்தை நீட்டி மறுபடியும் கூப்பிட்டது. தூரத்தில் குளம்புச் சத்தம் கேட்டது; கேட்கக் கேட்கக் குறைந்தது. மூன்றாம் முறை கூப்பிட்டபோது பக்கத்து மரத்திலிருந்த மொக்கச்சாமியின் சொந்த அத்தையே உச்சிக் கொம்புக்கு ஏறிக்கொண்டது.

"வேணும்னா நான் வந்ததா வெச்சுக்கலாம்" என்று இரக்கப்பட்டது காகம்.

"நீ கணக்குல இல்ல" என்றது கொம்பையா. "வந்தவங்க யாரும் இல்ல. ஆகையால கூப்பிடு தூரம் பூஜ்யம். டப்பா மட்டும் குரங்குங்களுக்கு. மத்த காடு சுருளிக்கு."

சிகாமணி தோகையை மடக்கிக்கொண்டு போயிற்று. சுருளி அதைப் பார்க்கவில்லை. அது வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கறையான் புற்று, மருதமரத்தின் வேர், வெள்ளைப் பாறை என்று வேண்டியதைப் பொறுக்கி எடுத்து மூன்று பெட்டிகளையும் ஒளித்தது. கீரி நிஜ முத்திரையைக் குத்திக்கொண்டு, "இப்பத்தான் வட்டம் மாறுச்சு" என்று கூத்தாடியது.

பிறை வளர்ந்து பாதி நிலாவான சமயத்தில் ஓர் ஆமை பஞ்சாயத்துத் திடலுக்கு வந்து சேர்ந்தது. பெயர் அங்குச்சாமி. மூச்சு வாங்கியது.

"தாமதத்துக்கு மன்னிக்கணும். சிகாமணி கூப்பிட்டாப்பல இருந்துச்சு. சத்தம் காதுல விழுந்ததும் கிளம்பிட்டேன்."

"எங்கேருந்து?" என்றது கொம்பையா, பயத்தோடு.

"டீக்கடைக்குப் பின்னாடி ஒரு குட்டை இருக்குல்ல, அங்கேருந்து."

கொம்பையா கண்ணை மூடிக்கொண்டது. "வந்துடுச்சே! தீர்ப்புன்னா தீர்ப்புதான். காடு முழுக்கக் குரங்குங்களுக்கு."

மொக்கச்சாமி போட்ட கூச்சலில் செல்போனே கை தவறி விழப் பார்த்தது. இனிமேல் எந்தப் பொந்திலும் கையை விடலாம். சுருளி உருண்டும் ஓடியும் மூன்று பெட்டிகளையும் எடுத்து முள்ளில் மாட்டிக்கொண்டது. ஆனால் வைப்பதற்கு இடம்? புற்றடியில் குரங்கு. பாறையடியில் குரங்கு. மருதமரத்தில் குரங்கும் அதன் அத்தையும். போகப் போகப் புல் உயர்ந்துகொண்டே வந்தது. ஓர் இலவமரத்தடிக்கு வந்தபோதுதான் சுருளி கவனித்தது: அங்கே ஒரு டப்பா கிடையாது, ஒற்றையடிப் பாதை கிடையாது, ஒரு காலடித் தடம்கூடக் கிடையாது.

"யாரது?" என்றது மேலேயிருந்து சிகாமணி. அது அந்த மரத்தில்தான் குடியிருந்தது. கீழே அங்குச்சாமி உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டதற்கு வந்த ஒரே விருந்தாளிக்குப் பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. "சுருளியா? என்னைக் கத்துறவன்னு சொன்ன ஆளு இங்க எதுக்கு வந்தே?"

சுருளிக்குச் சுருள வேண்டும் போல இருந்தது. முதுகில் பெட்டி இருக்கும்போது சுருள முடியாது.

"பாட்டுக் கேக்க" என்றது.

சிகாமணியின் கண் கலங்கிவிட்டது. அது தொண்டையைச் சரிசெய்துகொண்ட இடைவெளியில் சுருளி மூன்று பெட்டிகளையும் வடக்கு வேரின் பொந்துக்குள் தள்ளியது. தள்ளி முடிக்கவும் குரங்குகள் செல்போனோடு வரவும் சரியாக இருந்தது.

"வாங்க, வாங்க!" என்றது சிகாமணி. "உங்களுக்காக முதல்லேருந்து ஆரம்பிக்கிறேன்."

மொக்கச்சாமி செல்போனைத் தூக்கிப் பார்த்தது. காதில் வைத்துப் பார்த்தது. "இங்க சிக்னல் இல்லடா" என்றது.

"ஆமாம்" என்றன மற்ற இரண்டும், ஓடிக்கொண்டே.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவை வரவே இல்லை. சுருளி புதிய துப்பை எழுதித் தொங்கவிட்டது: 'இலவமரம், வடக்கு வேர், மேலே சிகாமணி.' கீரி அதைப் படித்துவிட்டு, தனக்கு வயிறு சரியில்லை என்றது. மானுக்கும் முயலுக்கும் அதே நாளில் அதே வயிறு.

அங்குச்சாமி மட்டும் மூன்று முத்திரையையும் ஓட்டின் மேல் குத்திக்கொண்டது. இரண்டாம் பாட்டிலேயே கிளம்பியும் விட்டது. இன்னும் வேரைத் தாண்டப் பார்க்கிறது. முத்திரைகள் மூன்றும் பத்திரம். பாட்டுக் கேட்பவர்கள் இப்போதைக்கு இரண்டு பேர். அங்குச்சாமி வேரைத் தாண்டிவிட்டால், மிச்சம் சுருளி ஒன்றுதான்.

நீதி: பூட்டைத் திறக்க ஊரே வரும், பாட்டைக் கேட்க ஒருவரும் வர மாட்டார். பொருளை எங்கே வைப்பது என்று நீயே யோசித்துக்கொள்.