கிராணியாரின் ஆறு மணிப் பெரட்டு

ஓய்வு பெற்ற பின்பும் வேலையை விட மறுத்தவர்கள் ஜொகூரில் பலர் இருக்கலாம். அதற்குத் துணையாக ஒரு நாயையும் உத்தியோகத்தில் அமர்த்தியவர் எங்கள் கிராணியார் ஒருவரே.

கூலாய் ரயில் நிலையத்துக்குப் பின்னால் நான்கு பலகை வீடுகள் வரிசையாக நின்றன. முதல் வீட்டில் நானும் என் மனைவி மங்களமும் இருந்தோம். அடுத்தது ரொட்டிக் கடை நானாவின் வீடு. மூன்றாவதில் தச்சர் பரமன் தனியாக இருந்தார். கடைசி வீடு கிராணியாருடையது. முப்பது ஆண்டுகள், முதலில் காப்பித் தோட்டத்திலும் பின்னர் ரப்பர் தோட்டத்திலும், கணக்குப் பிள்ளையாக, தோட்டத்துப் பேச்சில் கிராணியாக, இருந்தவர். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் எவருக்கும் தெரியாது. பட்டம் பெற்று அரசாங்க எழுத்தராக வந்திருந்த என் சொந்தப் பெயரை அவரும் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு நான் 'பி.ஏ.'

அவர் ஓய்வு பெற்றபோது தோட்டத் துரை ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார். அதே வாரம் சீமைக்குக் கப்பலேறிய துரை, தம் கிழட்டு வேட்டை நாய்க்கு ஒரு துப்பாக்கிக் குண்டை ஒதுக்கிவிட்டுப் போனார். கிராணியார் ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் நாயுமாக எங்கள் வரிசைக்கு வந்து சேர்ந்தார். கடிகாரம் ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. நாய் நிற்கவே இல்லை.

நாய்க்குக் 'கங்காணி' என்று பெயரிட்டார். முப்பது ஆண்டுகளில் ஒரு கங்காணியும் தம் பேச்சைக் கேட்டதில்லை என்பது அவருடைய மனக்குறை. இந்தக் கங்காணியும் முதலில் கேட்கவில்லை. அதற்கு இங்கிலீஷ் மட்டுமே தெரியும்.

"பி.ஏ., கொஞ்சம் வந்து இதுகிட்ட பேசுங்க. எவ்வளவு படிச்சிருக்கீங்க!"

நான் வந்து, இலக்கணம் பிறழாத ஆங்கிலத்தில், தயவுசெய்து உட்காரும்படி கேட்டுக்கொண்டேன். நாய் கொட்டாவி விட்டது.

"சிட்றா!" என்றார் கிராணியார். உட்கார்ந்தது.

"அலமாக்! பி.ஏ.வ விட கிராணிக்கில்ல இங்கிலீஷ் வருது!" என்று நானா தன் வாசலிலிருந்து சிரித்தார்.

தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். பதில் வராவிட்டால் ஆள் படுத்திருக்கும் அறைக்கே போய்ப் பார்ப்பது வழக்கம். தோட்டத்தை விட்டு வந்த கிராணியாரால் பெரட்டை மட்டும் விட முடியவில்லை. நாள்தோறும் ஆறு மணிக்குக் குடையை ஊன்றி நின்று நாயின் பெயரைக் கூப்பிடுவார். அது ஒரு முறை குரைக்கும். உடனே பெரட்டைக் கலைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்.

முதல் உலகப் போர் முடியும் சமயத்தில் அந்த விஷக்காய்ச்சல் வந்தது. நானா கடையை மூடினார். கதவுகள் சாத்தப்பட்டன. பெக்கோக் பக்கத்துத் தோட்டங்களில் குழி தோண்டவே ஆள் போதவில்லை என்று ரயிலில் வந்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு, நாய் கிராணியார் வீட்டு வாசலில் அல்லாமல் எங்கள் வீட்டு வாசலில் குரைத்தது.

"பி.ஏ.!"

"இருக்கிறேன்" என்றேன்.

"மங்களம்!"

நான் கதவைத் திறந்தேன். "கிராணியாரே, என் மனைவியின் பெயரைத் தெருவில் நின்று கூவுவது மரியாதையன்று."

"தோட்டத்துல பொம்பள ஆளுக்குத் தனிப் பேருதாங்க. உங்க பேருக்குள்ள அவங்கள ஒளிச்சு வெச்சா, அவங்க காய்ச்சல்ல கெடந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"இருக்கேன், கிராணியாரே!" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. அதில் சிரிப்பும் இருந்தது.

அன்று முதல் நாள் தவறவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு மூன்று மூச்சு நிற்பார். ஏன் என்று கேட்டதற்கு, "கால்ல புண்ணு இருக்கறவன் வந்து சேர நேரம் வேணாமா?" என்றார். பதில் வந்தால் நாய் அடுத்த வாசலுக்கு நகரும். வராவிட்டால் நகராது.

ஒருநாள் அது பரமனின் வாசலை விட்டு நகரவில்லை. கிராணியார் உள்ளே போனார். வெளியே வந்து குடையை விரித்துக்கொண்டார், மழை இல்லை.

பரமனை அடக்கம் செய்த மறுநாளும் அவர் "பரமன்!" என்று கூப்பிட்டு, மூன்று மூச்சு நின்று, பின்னரே நகர்ந்தார்.

நானாவுக்குப் பொறுக்கவில்லை. "மௌத்தாப் போனவர எதுக்குக் கூப்பிடுறீங்க?"

"பேர அடிக்கிற அதிகாரம் எனக்கில்ல, நானா. துரைதான் அடிக்கணும்."

"உங்க துரைதான் கப்பலேறிட்டாரே!"

"அப்ப பேரு இருக்கட்டும்."

அடுத்த வாரம், ஒரு காலை, மங்களத்தின் பெயருக்கு நான் பதில் சொன்னேன். "அவள் தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம்."

"அவங்க பேருக்கு அவங்கதான் சொல்லணும்."

"நான் சொன்னால் போதாதா?"

"பி.ஏ. படிச்சாலும் போதாது."

நாய் வாசலில் உட்கார்ந்துவிட்டது. எரிச்சலோடு உள்ளே போய் அவள் தோளைத் தொட்டேன். கை சுட்டது. கண்ணைத் திறந்தாள், என்னை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒன்பது நாள் கிராணியார் எங்கள் அடுக்களையில் மிளகுக் கஞ்சி காய்ச்சினார். நாய் கட்டிலடியில் கிடந்தது. எட்டாம் நாள் வரை அவள் கஞ்சியைத் துப்பினாள். ஒன்பதாம் நாள் அவர் கட்டிலருகே குடையை ஊன்றி நின்றார்.

"மங்களம்!"

மூன்று மூச்சு ஆயிற்று. நான் நான்காவதையும் எண்ணினேன்.

"இருக்கேன்" என்றாள். பிறகு, "கஞ்சில உப்பே இல்ல" என்றாள்.

"பெரட்டுல புகார் வாங்கறதில்ல" என்றார் கிராணியார். முகத்தைத் திருப்பி நாயை வெகுநேரம் தடவினார்.

அவள் நடக்கத் தொடங்கிய வாரத்தில், ஒருநாள் ஆறு மணிக்குத் தெரு அமைதியாக இருந்தது. நானாவும் நானும் அவரவர் வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்தோம். போகக் கால் வரவில்லை. மங்களம்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு கடைசி வீடு வரை நடந்தாள்.

"கிராணியாரே!"

பதில் இல்லை. அவள் மூன்று மூச்சு நின்றாள்.

உள்ளிருந்து மெலிந்த குரல் ஒன்று வந்தது: "என்னம்மா பெரட்டு இது? மொத வீட்டுலேருந்து கூப்பிடணும். வரிசை தப்பக் கூடாது."

அவள் முதலிலிருந்து தொடங்கினாள். என்னையும் நானாவையும் பரமனையும் கூப்பிட்டாள். கங்காணி குரைத்தது. கிராணியார் "இருக்கேன்" என்றார். அன்றைய மிளகுக் கஞ்சி எங்கள் வீட்டிலிருந்து போயிற்று. உப்புப் போட்டே.

அதன் பிறகு கங்காணி மூன்று ஆண்டுகளும் கிராணியார் பதினொரு ஆண்டுகளும் இருந்தார்கள். மங்களம் சென்ற தை மாதம் வரை இருந்தாள்.

நானும் இப்போது ஓய்வு பெற்றவன். விடியற்காலை ஆறு மணிக்கு வாசலில் நின்று அந்தப் பெயர்களை வரிசை தப்பாமல் சொல்கிறேன். மங்களத்தின் பெயருக்குப் பிறகு மூன்று மூச்சு நிற்கிறேன். பெயரை அடிக்கும் அதிகாரம் எனக்கும் இல்லை.