குறட்டை விடாதவன்ட வலது கண்

நான் குறட்டை விடுறதில்ல. கலியாணம் முடிச்ச நாளிலிரிந்து இதத்தான் சொல்லிக்கிட்டு வாறன். என்ட பொண்டாட்டி றம்லாதான் ஒத்துக்கொள்ளமாட்டா. "மச்சான், நீங்க படுத்தா வாவிக்கு அங்கால வவுணதீவில மாடு வெருண்டு ஓடுது" எண்டுவா. எங்கட ஊரில வீடு பொண்டாட்டிட சீதனம். ஒத்துக்கொண்டா, பாயோட வெளியில போறது நான்தான். இந்த உசனாரா கொக்கா!

போன மாசம் கடையில வெள்ளைத் துணிக்கட்டு ஒண்டப் பிரிச்சன். நடுவில கறுப்புக் கறை. அடுத்த கட்டிலயும் அதே கறை. அனுப்பினவனப் போன்ல கிழிகிழியெண்டு கிழிச்சன். மறுகா பாத்தா, செவரிலயும் கறை, றம்லாட முகத்திலயும் கறை. இடது கண்ணப் பொத்தினா ஒண்டுமே வடிவாத் தெரியல்ல. கண் போனா துணிக்கடைக்காரனுக்கு மிச்சம் என்ன?

கண் டொக்டர் உள்ளுக்கு வெளிச்சம் அடிச்சுப் பாத்தார். பாத்துப்போட்டுக் கேட்டார் பாருங்க ஒரு கேள்வி.

"குறட்டை விடுவீங்களா?"

நான் றம்லாவத் திரும்பிப் பாத்தன். "இவருக்கும் போன் எடுத்துச் சொல்லிட்டியா புள்ள?"

"அல்லாஹ்வே, நான் வாயே துறக்கல்ல!"

டொக்டர் விளங்கப்படுத்தினார். தூக்கத்தில மூச்சு நிண்டு நிண்டு போனா ரெத்தத்தில ஒட்சிசன் குறையுமாம். கண்ணுக்குப் பின்னால இரிக்கிற நூல் மாதிரி ரெத்தக் குழாயெல்லாம் வீங்கிக் கசியுமாம். "அப்பிடித்தானெண்டா, ராவில குழாய் வெச்ச மாஸ்க் போட்டுத்தான் படுக்கணும். விட்டா மற்றக் கண்ணுக்கும் ஆபத்து." விரலில கவ்வுற சின்ன மிசின் ஒண்டும் தந்தார். ஒரு ராவு மாட்டிப் படுத்தா எல்லாம் பதியுமாம்.

மாஸ்க்கா? மச்சினன் றிஸ்லான் கண்டா ஊர் முழுக்கப் படம் அனுப்புவான்! யோசிச்சன். றம்லா கண் அசந்ததும், மிசின அவட விரலில மாட்டிட்டு நிம்மதியாப் படுத்தன். காலையில பாத்தன், அவட விரலிலதான் இரிக்கு. அல்ஹம்துலில்லாஹ்!

டொக்டர் மிசினக் கம்பியூட்டர்ல போட்டுப் பாத்தார். "உசனார், மோசம். மாஸ்க் கட்டாயம்."

எனக்குச் சந்தோசம் தாங்கல்ல. எழும்பி நிண்டன்.

"டொக்டர், அது என்ட விரல் இல்ல! மிசின அவட விரலில மாட்டினது நான்தான். குறட்டை அவதான்! பாவம், இண்டைக்கே மாஸ்க் எடுப்பம். மாட்டேன் எண்டாலும் ஒவ்வொரு ராவும் போட வெக்கிறது என்ட பொறுப்பு!"

டொக்டர் றம்லாவப் பாத்தார். "தூங்கக்குள்ள மாட்டினாரா?"

"நான் எங்க டொக்டர் தூங்கின? இவர் பக்கத்தில ஆருக்குத் தூக்கம் வரும்? கண்ண மூடிக்கிட்டுக் கிடந்தன். மாட்டிட்டுத் திரும்பிப் படுத்தார், துவங்கிட்டு குறட்டை. கழட்டி அவர்ர விரலிலயே மாட்டினன். சுபஹுத் தொழுகைக்கு அவர் எழும்புமுன்ன திரும்ப நான் போட்டுக்கிட்டன். ஆசைப்பட்டு மாட்டின மனிசன், பாவம்."

நான் மெள்ள உக்காந்தன். "அப்ப என்ட கண், டொக்டர்?"

"ஊசி போடுவம். மாஸ்க்கும் ஒழுங்காப் போட்டா மற்றக் கண்ணையும் காப்பாத்தலாம்."

றம்லா என்ட கையை இறுக்கிப் பிடிச்சா. கண் கலங்கிட்டு அவக்கு. எனக்கும் நெஞ்சு உருகிப் போயிட்டு. அவ மூக்க உறிஞ்சிக்கிட்டு டொக்டரிட்டச் சொன்னா:

"இரிக்கிறதுக்குள்ள பெரிய மாஸ்க்காப் பாருங்க டொக்டர், இவர்ர மூக்குக்குச் சின்னது பத்தாது."